விண்டோஸ் கால்குலேட்டரின் புரோகிராமர் மோட்: எண்முறை படிப்பவருக்கு எவ்வளவு உதவும்?

பைனரி (2-ஐ அடியாகக் கொண்டது), டெசிமல் (10), ஹெக்ஸாடெசிமல் (16) என்ற எண்முறைகளைப் படிக்கத் தொடங்கியதும் பலர் போய் நிற்கும் இடம் ஏதாவது ஓர் ஆன்லைன் கன்வெர்ட்டர். ஒரு பெட்டியில் எண்ணைப் போட்டால் பக்கத்துப் பெட்டியில் விடை வந்துவிடும், அதோடு சரி. விண்டோஸ் கணினியில் முன்பே இருக்கும் கால்குலேட்டர் இந்த வேலைக்கு அவற்றைவிட நல்ல கருவி. ஆனால் அது நல்ல கருவியாக இருப்பது எண்ணை மாற்றித் தருவதால் அல்ல. எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் (0 அல்லது 1 ஆக நிற்கும் ஒரு பைனரி இலக்கம்) காட்டும் பிட் பலகையும், எண்ணின் அகலத்தை, அதாவது அது எத்தனை பிட்டில் அடங்க வேண்டும் என்பதை, மாற்றும் பொத்தானும் அதில் இருக்கின்றன. படிப்பு நடப்பது அந்த இரண்டில்தான். மாற்றுப் பட்டியலை மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இதுவும் இன்னொரு கன்வெர்ட்டர், அவ்வளவே.

திறப்பது எளிது. இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டு மெனுவில் புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது ஆல்ட்+4 அழுத்தலாம். பழைய குறிப்புகளில் ஆல்ட்+3 என்று இருக்கும். இப்போது அந்த இடத்தில் வரைபடம் போடும் கிராஃபிங் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. புரோகிராமர் பக்கம் தனியாக வந்தது விண்டோஸ் 7 காலத்தில். கால்குலேட்டரின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் திறந்துவிட்டது. சி++ படிக்கத் தெரிந்தவர், கீழே சொல்லும் நடத்தைகளுக்கெல்லாம் காரணத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

திரையின் மேல்பாதியில் நான்கு வரிகள்: ஹெக்ஸ் (ஹெக்ஸாடெசிமலின் சுருக்கம்), டெசிமல், ஆக்டல் (8-ஐ அடியாகக் கொண்டது), பைனரி. எந்த வரியைச் சொடுக்குகிறோமோ அந்த முறையில் எண்ணை உள்ளிடலாம். மற்ற மூன்றும் கூடவே மாறும். விசைப்பலகையில் எஃப்5 ஹெக்ஸ், எஃப்6 டெசிமல், எஃப்7 ஆக்டல், எஃப்8 பைனரி. இந்த நான்கை மட்டும் முதல் நாளே பழகிக்கொண்டால் மவுஸைத் தேடும் நேரம் மிச்சம். 10 முதல் 15 வரை உள்ள மதிப்புக்கான ஹெக்ஸ் இலக்கங்கள் திரையில் ஆங்கில எழுத்தாகத் தெரியும். இங்கே ஏ முதல் எஃப் வரை தமிழில் எழுதியிருக்கிறது.

முதல் பயிற்சியாக, 10 என்று நான்கு வரிகளிலும் தனித்தனியாக உள்ளிட்டு டெசிமல் வரியை மட்டும் பாருங்கள். 16, 10, 8, 2 என்று வரும். தவறான வரியில் நின்றுகொண்டு தட்டுவதுதான் இந்தக் கருவியில் அதிகம் நடக்கும் பிழை. அதைக் கருவி பாதிதான் தடுக்கும். பைனரி வரியில் நின்றால் 2 முதல் 9 வரை உள்ள பொத்தான்கள் மங்கிவிடும். டெசிமலில் நின்றால் ஏ முதல் எஃப் வரை மங்கிவிடும். ஆனால் 10, 101, 1100 போன்ற எண்கள் எல்லா முறையிலும் செல்லுபடியாகும் என்பதால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே போய்விடும்.

156 என்று டெசிமலில் தட்டினால் ஹெக்ஸ் 9சி, ஆக்டல் 234, பைனரி 1001 1100 என்று உடனே வந்துவிடும். இந்த 'உடனே'தான் சிக்கல். வழி எதுவும் காட்டாமல் விடையை மட்டும் வைக்கிறது. வகுத்து மீதி எடுக்கும் முறையைப் படிப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் சுற்றிவந்தால் அதே வேலையை இதற்குள்ளேயே படிப்படியாகச் செய்யலாம். புரோகிராமர் பக்கத்தில் % என்பது சதவீதம் அல்ல, வகுத்தபின் வரும் மீதி. வகுத்தலும் முழு எண்ணை மட்டுமே தரும்: சாதாரணப் பக்கத்தில் 39 ÷ 2 என்றால் 19.5, இங்கே 19. எண்முறை மாற்றத்துக்கு வேண்டியது இதுவேதான். 156 % 2 தருவது 0, 156 ÷ 2 தருவது 78. 78 % 2 தருவது 0, பிறகு 39. மீதி 1, பிறகு 19. மீதி 1, பிறகு 9. மீதி 1, பிறகு 4. மீதி 0, பிறகு 2. மீதி 0, பிறகு 1. கடைசி மீதி 1. மீதிகளைத் தாளில் மேலிருந்து கீழே எழுதி, கீழிருந்து மேலே படித்தால் 10011100.

படிக்கும் திசையைத் தலைகீழாக்கினால் 00111001 கிடைக்கும். அதை பைனரி வரியில் தட்டிப் பார்த்தால் டெசிமல் 57 என்று சொல்லும். 156 வர வேண்டிய இடத்தில் 57 வந்தால் வகுத்தலில் பிழை இல்லை, படித்த திசைதான் பிழை. விடையைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், தவறான விடையையும் உள்ளிட்டு அது எந்த எண்ணாக வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கருவியை நன்றாகப் பயன்படுத்தும் வழி. ஒன்று கவனம்: 153 போன்ற எண்ணைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். அதன் பைனரி 10011001, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். திசையைத் தவறவிட்டவருக்கும் சரி என்றே காட்டும்.

ஹெக்ஸுக்கு இதே முறையில் 16-ஆல் வகுக்க வேண்டும். 4013 எடுத்துக்கொண்டால் மீதிகள் வரிசையாக 13, 10, 15. திருப்பி எழுதினால் எஃப்ஏடி. பலரும் இங்கே மீதிகளை எழுத்தாக மாற்ற மறந்து 151013 என்று அப்படியே எழுதிவிடுவார்கள். அதை ஹெக்ஸ் வரியில் தட்டினால் டெசிமலில் 13,80,371 என்ற மதிப்பு வந்து நிற்கும். நாலாயிரத்துச் சொச்சம் எங்கே, பதின்மூன்று லட்சம் எங்கே. 10 முதல் 15 வரை உள்ள மதிப்புக்கு ஒரே இலக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

பைனரியிலிருந்து ஹெக்ஸுக்கு நான்கு நான்கு பிட்டாகப் பிரிப்பதில் வரும் பிழையும் இப்படித்தான் பிடிபடும். 1011010 என்பதை வலமிருந்து பிரித்தால் 101, 1010. ஹெக்ஸில் 5ஏ, டெசிமலில் 90. இடமிருந்து பிரித்தவர் 1011, 010 என்று எடுத்து பி2 என்று எழுதுவார். அதன் மதிப்பு 178. கால்குலேட்டர் பைனரி வரியை எப்போதும் வலமிருந்து நான்காகப் பிரித்து, இடப்பக்கம் குறையும் இடத்தில் தானே 0 சேர்த்து 0101 1010 என்று காட்டும். அந்த முதல் 0-வைக் கண்ணில் படச் செய்வது நல்ல விஷயம். ஹெக்ஸ் வரிக்கு மட்டும் இந்தக் கரிசனம் கிடையாது: 0ஏ என்று எழுத வேண்டிய இடத்திலும் வெறும் ஏ என்றுதான் நிற்கும். நிறக் குறியீடு, நினைவக முகவரி போன்றவற்றை எடுத்து எழுதும்போது முன்னால் வர வேண்டிய 0-வை நாமேதான் சேர்க்க வேண்டும்.

ஆக்டல் வரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யூனிக்ஸ் கோப்பு அனுமதி 755 எப்படி 111 101 101 ஆகிறது என்று பார்க்க உதவும்.

இனி பிட் பலகை. விசைப்பலகைப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு ஐகானாக ஒளிந்திருக்கும். அழுத்தினால் எண் பொத்தான்கள் மறைந்து 64 பிட்டுகள் தெரியும். நான்கு நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டத்தின் கீழும் 0, 4, 8 என்று 60 வரை இட எண் இருக்கும். ஒவ்வொரு பிட்டையும் சொடுக்கினால் 0 என்பது 1 ஆகும், 1 என்பது 0 ஆகும். நான்கு வரிகளும் அந்த நொடியே மாறும். இட எண் வலக்கோடியில் 0-விலிருந்து தொடங்குகிறது என்பது பாடத்தில் வாசிக்கும்போது மனதில் ஏறாது; வலக்கோடிப் பிட்டைச் சொடுக்கி 1 வருவதையும், அடுத்தது 2, 4, 8, 16 என்று இரட்டிப்பதையும் பார்த்தால் ஏறிவிடும். இட மதிப்பு அட்டவணையை மனப்பாடம் செய்யும் வேலையே தேவையில்லை.

பலகையைத் திறந்த கையோடு அகலத்தைப் பைட்டுக்கு மாற்றுங்கள். க்யூவேர்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்த அழுத்த க்யூவேர்ட் (64 பிட்), டிவேர்ட் (32), வேர்ட் (16), பைட் (8) என்று சுழலும். விசைப்பலகையில் எஃப்12, எஃப்2, எஃப்3, எஃப்4. பைட்டில் 8 பிட்டுகள் மட்டும் உயிரோடு இருக்கும். 0-ஆம் பிட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் டெசிமல் வரி 1, 3, 7, 15, 31, 63, 127 என்று ஏறும். எட்டாவது பிட்டைச் சொடுக்கியதும் 255 வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது -1.

இதைக் கோளாறு என்று நினைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. கோளாறு இல்லை, குறியுள்ள எண்ணை (கழித்தல் குறியும் வரக்கூடிய எண்) 2-இன் நிரப்பு முறையில் காட்டுகிறது. 8 பிட் அகலத்தில் 7-ஆம் இடத்துப் பிட்டின் எடை 128 அல்ல, -128. மற்ற ஏழும் சேர்ந்து 127, கூட்டினால் -1. எல்லாவற்றையும் அழித்துவிட்டு 7, 6, 3 ஆகிய இடங்களை மட்டும் ஏற்றினால் -128 + 64 + 8 என்று -56 வரும். 'தலைகீழாக்கி ஒன்று கூட்டு' என்ற விதியைவிட, மேல் பிட்டின் எடை எதிர்மறை என்ற இந்தப் பார்வை சீக்கிரம் பிடிபடும்.

விதியையும் இதிலேயே சோதிக்கலாம். 56 என்பது 0011 1000. நாட் செய்தால், அதாவது ஒவ்வொரு பிட்டையும் தலைகீழாக்கினால், 1100 0111, டெசிமலில் -57. ஒன்று கூட்டினால் 1100 1000, அதாவது -56. நிரப்பு கண்டுபிடித்த விடை ஒரு எண் குறைவாக வந்தால், அந்த ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறோம் என்று பொருள்.

அகலப் பொத்தான் கொஞ்சம் பொல்லாதது. 64 பிட் அகலத்தில் 300 என்று தட்டிவிட்டுப் பைட்டுக்குப் போனால் 44 ஆகிவிடும். ஒன்பதாவது பிட் வெட்டுப்பட்டது, 300-இலிருந்து 256 போய்விட்டது. திரும்ப 64 பிட்டுக்கு வந்தாலும் 44-தான். வெட்டுப்பட்ட பிட் திரும்பாது. 200 இன்னும் சுவாரசியம். பைட்டுக்கு மாற்றினால் ஹெக்ஸில் சி8, டெசிமலில் -56. அங்கிருந்து 64 பிட்டுக்குத் திரும்பினால் 200 கிடைக்காது. -56 அப்படியே இருக்கும், ஹெக்ஸ் வரியில் 14 எஃப்-களும் அவற்றின் பின்னால் சி8-உம் நிற்கும். குறிப் பிட்டை இடப்பக்கம் முழுக்க நீட்டிவிட்டது. நிரலில் சிறிய முழு எண்ணைப் பெரிய வகைக்கு மாற்றும்போது நடக்கும் குறி நீட்டிப்பு இதுவே. இதைப் புரிந்துகொள்ளாமல் அகலத்தை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருந்தால் கையில் இருந்த எண் என்ன ஆனது என்று தெரியாமல் போகும். அகலத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு எண்ணைத் தட்டுவது நல்லது.

பைட் அகலத்தில் டெசிமலாக 200 தட்டவும் முடியாது. 20 வரை ஏறும், அடுத்த 0 ஏறாது. 127-க்கு மேல் இடமில்லை. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று தோன்றும். குறியற்ற எண்ணாகக் காட்டச் சொல்லும் வசதி இதில் கிடையாது என்பதுதான் காரணம், இந்தக் கருவியின் பெரிய குறையும் அதுதான். 0 முதல் 255 வரை உள்ள பைட்டைப் பார்க்க வேண்டுமானால் வேர்ட் அகலத்துக்குப் போய், மேல் எட்டுப் பிட்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். ஐபி முகவரியின் 192 பைட் அகலத்தில் -64 ஆகிவிடும். ஒளிபுகும் அளவும் சேர்ந்த 32 பிட் நிறக் குறியீட்டை டிவேர்டில் உள்ளிட்டால் டெசிமல் வரி எதிர்மறையில் ஓடும். அங்கே க்யூவேர்ட் போட்டுக்கொள்ள வேண்டும்.

மிகைவழிவை, அதாவது விடை அகலத்துக்குள் அடங்காமல் போவதைக் காட்ட மட்டும் இந்தக் குறியுள்ள முறை அருமை. பைட்டில் 127 + 1 என்றால் -128. டிவேர்டில் 2,147,483,647 + 1 என்றால் அதே எண் கழித்தல் குறியோடு, கடைசி இலக்கம் 8 ஆகித் திரும்பி வரும். 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று, உலக நேரம் 03:14:07-க்கு அடுத்த விநாடியில் முட்டிக்கொள்வது இந்தக் கூட்டலில்தான்.

பிட் செயல்களுக்குத் தனி மெனு உண்டு: ஆண்ட், ஆர், நாட், நாண்ட், நார், எக்ஸார். இரண்டு பிட்டும் 1 ஆனால் மட்டும் ஆண்ட் 1 தரும், ஏதாவது ஒன்று 1 ஆனாலே ஆர் 1 தரும், இரண்டும் வேறு வேறானால் எக்ஸார் 1 தரும். விசைப்பலகையில் &, |, ~, ^ என்று நேராகத் தட்டலாம். இங்கே ஒரு பொறி. அடுக்கு என்று நினைத்து 2 ^ 8 போட்டால் 256 வராது, 10 வரும். 0010-ஐயும் 1000-ஐயும் எக்ஸார் செய்து 1010 தந்திருக்கிறது. அடுக்கு வேண்டுமானால் சயின்டிஃபிக் பக்கம் போக வேண்டும்.

நகர்த்தலுக்கு < மற்றும் >. எந்த வகை நகர்த்தல் என்பதை பிட் ஷிஃப்ட் மெனுவில் மாற்றலாம். பைட்டில் -56-ஐ ஒரு இடம் வலமாக அரித்மெட்டிக் முறையில் நகர்த்தினால் -28. லாஜிக்கல் முறையில் நகர்த்தினால் 100. முதலாவது குறிப் பிட்டை நகலெடுத்து நிரப்புகிறது, இரண்டாவது 0-வால் நிரப்புகிறது. 'வலமாக ஒரு இடம் நகர்த்தினால் இரண்டால் வகுப்பது' என்று படித்தவர்கள் -5-ஐயும் போட்டுப் பாருங்கள்: நகர்த்தினால் -3, 2-ஆல் வகுத்தால் -2. நகர்த்தல் கீழ்நோக்கி முழுமையாக்குகிறது, வகுத்தல் 0-வை நோக்கி வெட்டுகிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பழக தமிழ் எழுத்தே போதும். எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் ஹெக்ஸில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. அ என்பது 0பி85, டெசிமலில் 2949. க என்பது 0பி95, டெசிமலில் 2965. இரண்டுக்கும் வித்தியாசம் 16, அதாவது ஒரே ஒரு பிட். வேர்ட் அகலத்தில் பி85 தட்டிவிட்டு, பலகையில் 4-ஆம் இடத்தைச் சொடுக்கினால் அ போய் க வந்துவிடும்.

அதே அ, யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 கோப்பில் மூன்று பைட்டாக எழுதப்படுகிறது: ஈ0, ஏஈ, 85. எப்படி என்றால், 16 பிட்டுகளை 4, 6, 6 என்று பிரித்து, முதல் துண்டின் முன்னால் 1110-உம் மற்ற இரண்டின் முன்னால் 10-உம் ஒட்ட வேண்டும். கால்குலேட்டரில் வேர்ட் அகலம், ஹெக்ஸ் வரி, லாஜிக்கல் நகர்த்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் துண்டுக்கு பி85-ஐ 3எஃப்-உடன் ஆண்ட் செய்தால் 5. அதை 80-உடன் ஆர் செய்தால் 85. நடுத்துண்டுக்கு பி85-ஐ 6 இடம் வலமாக நகர்த்தினால் 2ஈ. 3எஃப்-உடன் ஆண்ட் செய்தாலும் அதுவே. 80-உடன் ஆர் செய்தால் ஏஈ. முதல் துண்டுக்கு 12 இடம் நகர்த்த வேண்டும். இங்கேதான் கவனம் தேவை: ஹெக்ஸ் வரியில் இருக்கும்போது நகர்த்தும் எண்ணிக்கையும் ஹெக்ஸாகவே எடுக்கப்படும். 12 என்று தட்டினால் அது 18. 16 பிட் அகலத்தில் அதற்கு இடமே இல்லை. தட்ட வேண்டியது சி. விடை 0, ஈ0-உடன் ஆர் செய்தால் ஈ0. ஒவ்வொரு படிக்கும் நடுவில் சமக்குறியை அழுத்திவிட்டால் குழப்பம் குறையும். அடுத்து க-வுக்கு இதையே தாளில் செய்துவிட்டு வந்து ஒப்பிடலாம். ஈ0, ஏஈ, 95 வர வேண்டும்.

நிரலில் இருந்து எடுத்த ஹெக்ஸ் எண்ணை ஹெக்ஸ் வரியில் நின்றபடி ஒட்டினால், முன்னால் 0எக்ஸ் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். சின்ன வசதி, ஆனால் அடிக்கடி கைகொடுக்கும்.

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் 'இதற்கு ஒரு கால்குலேட்டரா, ஒரு வரி போதுமே' என்பார்கள். நேர்மறை எண்ணுக்கு அது சரி. எதிர்மறைக்கு -56-ஐக் கொடுத்தால் பைத்தான் கழித்தல் குறி போட்டு 111000 என்று தரும்; அதன் முழு எண்ணுக்கு நிலையான அகலம் இல்லாததால் நிரப்பு முறை அங்கே தானாகத் தெரியாது. 8 பிட்டுக்கு வேண்டுமானால் 255-உடன் ஆண்ட் செய்து எடுக்க வேண்டும். படிக்கும் கட்டத்தில் கால்குலேட்டர்தான் முன்னால் நிற்கிறது. நூறு எண்களை ஒரே மூச்சில் மாற்ற வேண்டிய இடத்தில் பைத்தான்.

பின்னங்களுக்கு இது உதவாது. புரோகிராமர் பக்கத்தில் புள்ளிப் பொத்தான் வேலை செய்யாது. 0.625-ஐ பைனரியாக்க வேண்டுமானால் சாதாரணப் பக்கத்தில் 8-ஆல் பெருக்கி 5 ஆக்கி, இங்கே வந்து 101 என்று பார்த்து, புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் தள்ளி 0.101 என்று எழுதிக்கொள்ளலாம். 0.1-ஐ இப்படி 256-ஆல் பெருக்கினால் 25.6, முழுப் பகுதி 25 மட்டும் எடுத்தால் 0001 1001, அதாவது 0.00011001. மீதி 0.6 விடுபட்டுப்போகிறது. எவ்வளவு பெரிய இரண்டின் அடுக்கால் பெருக்கினாலும் ஏதோ ஒரு மீதி விடுபட்டுக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் 0.1-க்கு பைனரியில் முடிவான வடிவமே இல்லை. மிதவைப் புள்ளி எண்ணின் குறி, அடுக்கு, பின்னப் பகுதி என்று பிட்டுகளைப் பிரித்துக் காட்டும் வேலைக்கு, அந்த எண்களுக்கான தரநிலையின் பெயரில் ஐட்ரிபிள்ஈ 754 மாற்றி என்று தனிக் கருவிகள் இருக்கின்றன. அந்தப் பாடம் வரும்போது இந்த ஜன்னலை மூடிவிட்டு அவற்றுக்குப் போவதே சரி.